வடக்கு வரி மரமேறி

வடக்கு வரி மரமேறி, மெக்சிக்கோவின் தென்பகுதியில் தொடங்கி மத்திய அமெரிக்கா வழியாகக் கொலம்பியா, வடமேற்கு வெனிசுவேலா, வடமேற்கு ஈக்வடார் வரையுள்ள காடுகளில் வாழும் பறவையினம். இதன் அறிவியல் பெயர் டென்ட்ரோகொலாப்டெசு சாங்டிதோமே. தமிழ் நிலத்தில் இக்குழுவைச் சேர்ந்த பறவை எதுவும் இல்லாததால் இதற்கு வழக்கில் தமிழ்ப் பெயர் கிடையாது. அடிமரத்தைப் பற்றி ஏறும் இயல்பையும் உடலில் உள்ள குறுக்கு வரிகளையும் கொண்டு இங்கு வரி மரமேறி எனக் குறிக்கப்படுகிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது தீவாய்ப்புக் கவலை குறைந்த இனம். ஆனால் பனாமாக் கால்வாயின் நடுவே உள்ள பாரோ கொலராடோ தீவில், 1923 முதல் மரம் வெட்டத் தடை செய்து காக்கப்பட்டுவரும் காட்டில், வரி மரமேறி அரை நூற்றாண்டுக்கு முன்பே இல்லாமல் போய்விட்டது. அத்தீவில் யாரும் இதைக் குறிவைத்து வேட்டையாடவில்லை. காடும் அழியவில்லை, வளர்ந்தே வந்தது. வெப்பமண்டலக் காட்டுப் பறவைகள் எவ்வாறு மறைகின்றன என்பது குறித்து இன்று தெரிந்தவற்றில் கணிசமான பகுதி இந்தத் தீவின் கதையிலிருந்து கிடைத்தது.

பெயரும் வகைப்பாடும்

பிரெஞ்சுப் பறவையியலாளர் பிரெடெரிக் டெ லாஃப்ரெனே 1852இல் இப்பறவையை முதன்முதலில் விவரித்தார். பெயரில் உள்ள 'சாங்டிதோமே' என்பது குவாத்தமாலாவின் கரீபியக் கரையில் உள்ள சாந்தோ தோமாசு என்ற ஊரைக் குறிக்கிறது. பேரினப் பெயரான டென்ட்ரோகொலாப்டெசு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. அதற்கு மரங்கொத்தி என்றே பொருள். தமிழர் ஒருவர் இப்பறவையை முதன்முதலில் பார்த்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார். உண்மையில் இது மரங்கொத்திக்கு உறவு கிடையாது. அமெரிக்க வெப்பமண்டலத்துக்கே உரிய அடுப்புக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரங்கொத்திக்குக் கால்விரல்கள் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக இருக்கும். மரமேறிக்கு மூன்று முன்னும் ஒன்று பின்னும் இருக்கும். மரங்கொத்தியைப் போல் இது மரத்தைக் குடைந்து பொந்து செய்வதில்லை. செங்குத்தாக நிற்பதற்கு இரண்டும் வாலைத்தான் ஊன்றுகின்றன. மரமேறியின் வாலிறகுத் தண்டுகள் விறைத்து, நுனியில் முள்போல் வளைந்திருக்கும்.

நெடுங்காலம் அமேசான் காட்டின் வரி மரமேறியும் இதுவும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. இறகு வரிகள், குரல் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளைக் கொண்டு 1990களில் இரண்டும் தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. எனவே 1960களிலும் 1970களிலும் வந்த கட்டுரைகளில் பனாமாப் பறவை அமேசான் இனத்தின் பெயரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பழைய பதிவுகளைப் படிப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

உருவமும் இரை தேடும் முறையும்

வரி மரமேறி சுமார் 27 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 65 கிராம் எடையும் கொண்டது. தலை, முதுகு, மார்பு, வயிறு எங்கும் பழுப்பு நிறத்தின் மேல் நெருக்கமான கரிய குறுக்கு வரிகள் ஓடும். இறக்கையும் வாலும் செம்பழுப்பு நிறம். அலகு நேரானது, தடித்தது, கருநிறமானது. ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருக்கும். மரப்பொந்துகளிலும் பட்டுப்போன மரங்களின் உளுத்த அடிமரத்திலும் கூடு வைக்கும். வழக்கமாக இரண்டு முட்டை இடும். விடியலிலும் அந்தியிலும் உரத்த சீழ்க்கைத் தொடராகக் குரலெழுப்பும். பகலில் கண்ணில் படாத பறவையை இந்தக் குரலைக் கொண்டே கணக்கெடுப்பவர்கள் பதிவு செய்கிறார்கள்.

இதன் வாழ்க்கை படையெறும்புகளோடு பிணைந்தது. எசிடன் புர்செல்லி எனும் படையெறும்பின் ஒரு கூட்டத்தில் ஐந்து லட்சம் வரை எறும்புகள் இருக்கும். அவற்றுக்கு நிலையான புற்று கிடையாது. எறும்புகள் ஒன்றையொன்று கால்களால் பற்றிக்கொண்டு, தங்கள் உடல்களாலேயே ஒரு பாசறையை அமைத்து, அரசியையும் புழுக்களையும் அதற்குள் வைத்துக் காக்கும். விடிந்ததும் பாசறையிலிருந்து வேட்டைப் படை புறப்பட்டு, பல மீட்டர் அகலத்துக்கு விசிறிபோல் விரிந்து காட்டின் தரையில் முன்னேறும். சருகுக்கடியில் ஒளிந்திருந்த கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி, தேள், பூரான் எல்லாம் உயிருக்குப் பயந்து வெளியே ஓடும்.

பறவைகள் காத்திருப்பது இதற்குத்தான். அவை எறும்புகளைத் தின்பதில்லை. எறும்புகள் கிளப்பிவிடும் பூச்சிகளைத் தின்கின்றன. வரி மரமேறி படையின் முன்முனைக்கு மேலே தாழ்வான ஓர் அடிமரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சி வெளிப்பட்டதும் பாய்ந்து தரையிலோ தண்டிலோ கவ்விக்கொண்டு மீண்டும் மரத்துக்குத் திரும்பும். எறும்புப்பறவைகள், தரைக்குயில், வேறு மரமேறிகள் என்று ஒரே படைக்குப் பல இனங்கள் கூடும்போது அங்கே கண்டிப்பான வரிசைமுறை ஒன்று நிலவும். உருவில் பெரியவை இரை மிகுந்த நடு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறியவை விளிம்புக்குத் துரத்தப்படும். வரி மரமேறி அந்த வரிசையின் மேல்படிகளில் இருப்பது.

இந்த வாழ்க்கைக்கு ஒரு விலை உண்டு. எசிடன் கூட்டம் சுமார் 35 நாள் சுழற்சியில் இயங்குவது. ஏறத்தாழ 15 நாட்கள் நாள்தோறும் வேட்டையாடி இரவுதோறும் இடம் மாறும். அடுத்த 20 நாட்கள் ஒரே இடத்தில் தங்கிவிடும், அப்போது பல நாட்கள் வேட்டைக்கே போகாது. ஒரு கூட்டத்தை மட்டும் நம்பிய பறவை பட்டினி கிடக்க நேரும். எனவே படையைத் தொடரும் பறவைக்குப் பல கூட்டங்கள் உலவும் அளவுக்கு விரிந்த காடு வேண்டும். வரி மரமேறி எறும்பில்லாமலும் ஓரளவு இரை தேடக்கூடியது. என்றாலும் இத்தனை பெரிய பூச்சியுண்ணி சிறு பரப்பில் நெருக்கமாக வாழ இயலாது. ஒரு மலைச்சரிவு முழுவதற்கும் சில சோடிகளே இருக்கும்.

ஆறு ஏரியான வரலாறு

பனாமாக் கால்வாயைக் கட்டிய அமெரிக்கப் பொறியாளர்கள் கப்பல்களை மலை முகட்டுக்கு மேலேற்ற ஒரு செயற்கை ஏரியை உருவாக்கினார்கள். சாக்ரெசு ஆற்றைக் காட்டூன் என்ற இடத்தில் அணைகட்டி மறித்தார்கள். 1910க்குப் பின் நீர் படிப்படியாக ஏறியது. கோர்கோனா, மட்டாச்சின், போகியோ முதலிய ஆற்றோர ஊர்கள் மூழ்கின, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், பழைய ரயில் பாதை விலக்கி அமைக்கப்பட்டது. கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் நிலைகொண்ட காட்டூன் ஏரி, அக்காலத்தில் மனிதர் கட்டிய ஏரிகளில் உலகிலேயே பெரியது. 1914 ஆகஸ்ட் 15இல் கால்வாய் திறக்கப்பட்டது.

மூழ்கிய பள்ளத்தாக்கில் குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. அவற்றுள் பெரியது பாரோ கொலராடோ. பரப்பு ஏறக்குறைய 15.6 சதுர கிலோமீட்டர். தீவின் ஏறத்தாழப் பாதி முதுகாடு. மற்றப் பாதி அதற்கு முந்தைய பதிற்றாண்டுகளில் திருத்திப் பயிரிடப்பட்டு மீண்டும் புதராகவும் இளங்காடாகவும் வளர்ந்துகொண்டிருந்தது. பூச்சியியலாளர் ஜேம்சு செடெக் முதலானோரின் முயற்சியால் 1923 ஏப்ரலில் கால்வாய்ப் பகுதி ஆளுநர் தீவை ஆய்வுக்கான காப்பிடமாக அறிவித்தார். 1946இல் அது சிமித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது.

கால்வாய் கட்டியவர்களுக்கு அப்படியொரு நோக்கம் எள்ளளவும் இருந்திருக்காது. ஆயினும் பெருங்காட்டின் ஒரு துண்டை நாள் குறித்துத் துண்டித்து, அதன் பின் என்ன நடக்கிறது என்று நூறாண்டு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சோதனை அவர்கள் கையால் தொடங்கிவிட்டது.

பறவைப் பட்டியல்கள்

அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1920களிலும் 1930களிலும் குளிர்காலங்களைத் தீவில் கழித்தார். தம் அனுபவங்களை 1929இலும் 1938இலும் இரு நூல்களாக வெளியிட்டார். அவருடைய குறிப்புகளும் உடன் வந்த பிறருடைய குறிப்புகளும் சேர்ந்து தீவின் முதல் பறவைக் கணக்காயின. 1952இல் யூஜின் ஐசன்மன் விளக்கக் குறிப்புகளுடன் முழுமையான பட்டியலை வெளியிட்டார். ஐசன்மன் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்தவர். விடுமுறைகளில் பறவைகளைத் தேடியவர். எந்த இனம் எவ்வளவு அரிது, கடைசியாக எப்போது காணப்பட்டது என்பதையெல்லாம் இவர்கள் எழுதிவைத்திராவிட்டால் பின்னர் எது மறைந்தது என்று சொல்லவே முடிந்திராது. வெப்பமண்டலத்தின் மிகப் பெரும்பாலான காடுகளுக்கு இத்தகைய பழைய பட்டியல் இல்லை.

1960இல் எட்வின் வில்லிஸ் என்ற இளம் ஆய்வாளர் தீவுக்கு வந்தார். படையெறும்புகளை அங்கே டி. சி. ஷ்னெயர்லா 1930களிலிருந்தே ஆராய்ந்துவந்தார். வில்லிஸ் அவற்றைத் தொடரும் பறவைகளை எடுத்துக்கொண்டார். பிடித்த பறவையின் காலில் வண்ண வளையங்களை மாட்டி விடுவித்து, பின் எறும்புப் படை செல்லும் இடமெல்லாம் நடந்து, எந்த வளையம் எந்த மரத்தில், யார் யாரைத் துரத்தினார் என்று குறித்தார். இப்படிப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்தார். இருநிற எறும்புப்பறவை, புள்ளி எறும்புப்பறவை, கண்புள்ளி எறும்புப்பறவை ஆகியவற்றைப் பற்றித் தனித்தனி நூலளவு ஆய்வுகள் எழுதினார். எளிய பழுப்பு மரமேறியைப் பற்றிய அவருடைய கட்டுரை 1972இல் வந்தது. பின்னாளில் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, மனைவி யோசிகா ஒனிகியுடன் அங்கேயே பணியாற்றினார்.

வில்லிஸ் தொடங்கியது நடத்தை ஆய்வு. ஆனால் ஆண்டுக்காண்டு வளையமிட்ட பறவைகள் குறைந்துகொண்டே வந்தன. இறந்தவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை வரவில்லை. 1974இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை மறைவுகளின் வரலாறாகவே அமைந்தது. தீவில் இனப்பெருக்கம் செய்த பறவையினங்களில் 45 அதற்குள் இல்லாமல் போயிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை புதர்க்காட்டுக்கும் திறந்த வெளிக்கும் உரியவை. இளங்காடு முதிர்ந்ததால் போயின. அது எதிர்பார்க்கக்கூடியது. அடர்காட்டுக்கே உரிய இனங்களும் மறைந்திருந்தன என்பதுதான் அதிர்ச்சி. எறும்புப் படையின் நடு இடத்துக்கு உரியவையான தரைக்குயில், கண்புள்ளி எறும்புப்பறவை, வரி மரமேறி ஆகிய மூன்றும் அந்த வரிசையில் வந்தன. படைகளைச் சுற்றி நிகழ்ந்த பூசலில் எப்போதும் வென்றவை இவை.

எறும்புகள் இருந்தன, பறவை இல்லை

படையெறும்பு குறைந்ததால் பறவை போயிற்றா என்பது முதலில் எழும் கேள்வி. அப்படி இல்லை. 1980களின் தொடக்கத்தில் நைஜல் ஃபிராங்க்சு செய்த கணக்கின்படி தீவில் சுமார் 50 எசிடன் கூட்டங்கள் இருந்தன. விருந்து தொடர்ந்து நடந்தது. உண்ண வரும் பெரிய பறவைகள்தான் இல்லை.

சிறு எண்ணிக்கை என்பது முதல் காரணம். 15 சதுர கிலோமீட்டரில் வரி மரமேறி எத்தனை சோடி வாழ இயலும்? பெருங்காட்டில் சில சோடிகள் அழிந்தால் அடுத்த சரிவிலிருந்து இளம் பறவைகள் வந்து இடத்தை நிரப்பும். தீவில் ஒரு வறண்ட ஆண்டு, கூடுகள் தொடர்ந்து கெட்ட ஒரு பருவம், பெண் பறவைகள் குறைந்துபோன ஒரு தலைமுறை என்று ஏதோ ஒன்று போதும்.

கூடு கெடுவதும் முக்கியம். தீவிலும் எதிர்க்கரைக் காட்டிலும் செயற்கைக் கூடுகளில் முட்டை வைத்துச் செய்த சோதனைகளில், தீவில் முட்டைகள் கூடுதலாகக் களவு போயின. சிறுத்தைப்புலி போன்ற உருவுடைய சாகுவாரும் பூமாவும் நிலையாகத் தங்க முடியாத அளவுக்குத் தீவு சிறியது. அவை இல்லாத இடத்தில் முட்டை தின்னும் இடைநிலை விலங்குகள் பெருகியதே காரணம் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட விளக்கம். இந்த விளக்கம் எல்லா இனத்துக்கும் ஒரேபோல் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. பொந்தில் கூடு வைக்கும் மரமேறிக்கும் தரையில் கூடு வைக்கும் பறவைக்கும் ஒரே திருடன் வரமாட்டான். ஜேம்சு கார் வேறொன்றைக் கவனித்தார். எதிர்க்கரையில் எந்த இனங்களின் முதிர்ந்த பறவைகள் ஆண்டுக்காண்டு உயிர் பிழைக்கும் விகிதம் குறைவோ, அந்த இனங்களே தீவில் மறைவதற்கு அதிக வாய்ப்புடையவையாக இருந்தன என்று 1990இல் எழுதினார்.

எப்படிப் பார்த்தாலும் ஒரு கேள்வி எஞ்சும். எதிர்க்கரைக் காட்டில் வரி மரமேறி இருக்கிறது. தீவுக்கும் கரைக்கும் இடையே சில இடங்களில் சில நூறு மீட்டர் நீர்தான். சிறகுள்ள பறவை ஏன் வரவில்லை?

2008இல் வெளியான ஒரு சோதனை இதற்கு நேரடியான விடையைத் தேடியது. ஆய்வாளர்கள் காட்டுப் பறவைகளை வலையில் பிடித்து, படகில் ஏற்றி, காட்டூன் ஏரியின் கரையிலிருந்து 100, 200, 300 மீட்டர் தொலைவில் விடுவித்தார்கள். சில இனங்கள் சிரமமின்றிக் கரை சேர்ந்தன. அடர்காட்டின் தரையை ஒட்டி வாழும் சில இனங்களோ 100 மீட்டரைக் கூடத் தாண்ட முடியாமல் நீரில் விழுந்தன. படகில் இருந்தவர்கள் அவற்றை அள்ளி எடுத்தார்கள். நிழலுக்குள் கிளைக்குக் கிளை தாவியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உடல் அது. வானம் தெரியும் வெளியில் நெடுந்தூரம் பறக்க அது பழகியிருக்கவில்லை.

மறைந்தவற்றின் இடம் வெறுமையாகவே இருந்துவிடவில்லை. கண்புள்ளி எறும்புப்பறவை போனபின் பல ஆண்டு கழித்துப் புள்ளி எறும்புப்பறவை பெருகியது. முன்பு விளிம்பில் நின்று சிறிதளவே எறும்பை நம்பிய அப்பறவை படைகளை முழுநேரம் தொடரத் தொடங்கியது. எளிய பழுப்பு மரமேறியும் தீவில் தங்கிவிட்டது. உருவில் சிறியது, எண்ணிக்கையில் மிகுந்தது, ஒரே எல்லைக்குள் அடங்காமல் அலைவது என்பதெல்லாம் அதற்குத் துணைநின்றன. 1990களில் டக்ளஸ் ராபின்சன் மீண்டும் கணக்கெடுத்தபோது தீவில் மறைந்த இனங்கள் 65 ஆகியிருந்தன.

மனாஸ் காட்டுத் துண்டுகள்

பாரோ கொலராடோவின் கணக்குகள் 1970களில் பெரிய விவாதத்தைக் கிளப்பின. காப்பிடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பல சிறு காப்பிடங்கள் போதுமா, ஒரே பெரியது வேண்டுமா? இதைத் திட்டமிட்டுச் சோதிக்க 1979இல் தாமசு லவ்ஜாய் பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே ஒரு பணியைத் தொடங்கினார். மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை அழிப்பவர்கள் தங்கள் நிலத்தில் பாதியைக் காடாகவே விட வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. விடப்படும் காட்டை 1, 10, 100 எக்டேர் சதுரங்களாக விடும்படி பண்ணைக்காரர்களுடன் ஏற்பாடு செய்து, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பறவைகளை வலைபோட்டு எண்ணினார்கள்.

அங்கே எறும்பைத் தொடரும் மரமேறிகளுள் முக்கியமானது வெண்தாடை மரமேறி. இதுவும் உடன் திரியும் எறும்புப்பறவைகளும் 1, 10 எக்டேர் துண்டுகளிலிருந்து விரைவிலேயே மறைந்தன. ஓர் எறும்புக் கூட்டம் உலவுவதற்கே சுமார் 30 எக்டேர் வேண்டும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பனாமாவில் அரை நூற்றாண்டு எடுத்தது இங்கே ஓரிரு ஆண்டுகளில் முடிந்தது. ஆனால் சில பண்ணைகள் கைவிடப்பட்டு, திருத்திய நிலத்தில் செக்ரோப்பியா மரங்கள் வளர்ந்து துண்டுகளைப் பெருங்காட்டோடு இணைத்தபோது, போன பறவைகளில் சில திரும்பி வந்தன. நிலம் மீண்டும் காடாகும். காட்டூன் ஏரிக்கு அது நடக்காது.

காப்பு நிலை

சிவப்புப் பட்டியல் ஓர் இனத்தை உலகளவில் மதிப்பிடுகிறது. ஆபத்துக்குள்ளாகும் நிலைக்கு ஓர் இனம் வரவேண்டுமானால் அதன் பரவல் 20,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிச் சிதறியிருக்க வேண்டும், அல்லது முதிர்ந்த பறவைகள் 10,000க்குக் குறைந்து மேலும் தேய வேண்டும், அல்லது பத்தாண்டிலோ மூன்று தலைமுறைகளிலோ 30 விழுக்காடு குறைய வேண்டும். மெக்சிக்கோவிலிருந்து ஈக்வடார் வரை பரவிய வரி மரமேறி இவற்றில் எதற்கும் எட்டவில்லை. காடழிவால் எண்ணிக்கை குறைந்துவருவதாகக் கருதப்பட்டாலும் அந்த வேகம் வரம்பைத் தொடவில்லை. பாரோ கொலராடோவில் நடந்தது இந்தக் கணக்கில் ஒரு புள்ளியாகக் கூடத் தெரியாது. பட்டியலின் பிழை என்று இதைச் சொல்ல முடியாது; அது கேட்கும் கேள்வி வேறு.

ஆனால் இன்று இப்பறவை வாழும் பரப்பின் பல பகுதிகள் தீவுகளைப் போலவே ஆகிவருகின்றன. தெற்கு மெக்சிக்கோவின் தாழ்நிலக் காடுகள் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே துண்டுகளாக நிற்கின்றன. மேற்கு ஈக்வடாரில் வாழைக்கும் எண்ணெய்ப்பனைக்கும் பெரும்பகுதிக் காடு போய்விட்டது. சுற்றிலும் நீருக்குப் பதில் புல் என்பது மட்டுமே வேறுபாடு. பரவல் வரைபடத்தில் ஒரே நிறத்தில் தீட்டப்பட்ட நிலத்துக்குள் பறவை எங்கெங்கே ஏற்கெனவே போய்விட்டது என்பதை அந்தந்த இடத்தில் விடியலில் நின்று குரல் கேட்டவர்களின் குறிப்பேடுகளிலிருந்துதான் அறிய முடியும்.

இனத்துக்குப் பெயர் கொடுத்த சாந்தோ தோமாசு இன்று குவாத்தமாலாவின் பெரிய சரக்குத் துறைமுகம். ஊருக்குப் பின்னால் எழும் சான் கில் மலையின் மழைக்காடு காப்பிடமாக உள்ளது. பனாமாவில் கால்வாயே காட்டுக்குக் காவலாகிவிட்டது. ஒவ்வொரு கப்பலும் கடக்கும்போது ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அந்த நீரைத் தரும் மலைகளில் காடு நிற்க வேண்டும் என்பதை அரசு உணர்ந்தது. ஏரியின் கிழக்குக் கரையில் 1980இல் சோபெரானியா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. தீவைச் சுற்றியுள்ள தீபகற்பங்களும் 1979இல் காப்பிடத்தோடு சேர்க்கப்பட்டன. சோபெரானியாவின் பழைய எண்ணெய்க் குழாய்ப் பாதையில் விடியலுக்கு முன் நடப்பவர்களுக்கு வரி மரமேறியின் சீழ்க்கை இன்றும் கேட்கிறது. அங்கிருந்து பாரோ கொலராடோ தீவு மேற்கே சில கிலோமீட்டர்தான். இடையில் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கின்றன.